ஏரோ சாரினென்: வாழ்வும் கட்டடங்களும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலை படிக்கும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வரும்போது ஏரோ சாரினெனுக்கென்று இரண்டு வகுப்புகளை ஒதுக்கிவிடுவேன். அந்த வகுப்புகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் வருகின்றன. அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ஏரோ சாரினென்?

பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கட்டடக்கலைஞர். பிறந்தது 1910 ஆகஸ்ட் 20. இறந்தது 1961 செப்டம்பர் 1. அப்போது வயது 51. செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நிற்கும் 630 அடி உயர எஃகு வளைவு, நியூயார்க்கில் சிறகை விரித்த பறவை போன்ற, டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனத்தின் முனையம், வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையம் (டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் வேறு), ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளை நாற்காலி ஆகியவை அவருடையவை. பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இவற்றில் ஒன்றையாவது படத்தில் பார்த்திருப்பார்கள். தந்தை இறந்த பிறகு தன் பெயரில் அவர் அலுவலகம் நடத்தியது 11 ஆண்டுகள்தான். மேலே சொன்ன மூன்று கட்டடங்களில் ஒன்றுகூட முழுதாக எழுந்து நிற்பதை அவர் பார்க்கவில்லை.

பெயரை எப்படி உச்சரிப்பது?

பின்னிய மொழியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு உண்டு, தமிழிலும் உண்டு. அதனால் நமக்குச் சிரமமில்லை. 'ஏரோ' என்று முதல் எழுத்தை நீட்டிச் சொன்னால் போதும். 'ஈரோ' என்று எழுதுவது ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ஏற்பட்ட பழக்கம்.

'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்கிறார்களே, அது என்ன?

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை, குறிப்பாக அமெரிக்காவில் செழித்த கட்டட, அறைகலன் மரபை இப்படி அழைக்கிறார்கள். நூற்றாண்டின் நடுவே வந்த நவீனம் என்பதால் இந்தப் பெயர். போருக்காக வளர்ந்த ஒட்டுப்பலகை, கண்ணாடி இழை, அலுமினியம், செயற்கை ரப்பர் எல்லாம் போர் முடிந்ததும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்தன. சுவருக்குச் சுவர் கண்ணாடி, அலங்காரம் களைந்த வடிவம், தோட்டமும் கூடமும் ஒன்றாகக் கலக்கும் அமைப்பு ஆகியவற்றை அடையாளமாகச் சொல்வார்கள். சாரினெனை இந்தப் பெட்டிக்குள் வைப்பது வசதிக்காகத்தான். அவர் கட்டடங்களில் பாதி இந்த வரையறைக்குள் அடங்குவதில்லை.

அவருடைய தந்தையும் பெரிய கட்டடக்கலைஞராமே?

ஆமாம். எலியேல் சாரினென். ஹெல்சிங்கி ரயில் நிலையத்தை வடிவமைத்தவர். தந்தைக்கும் மகனுக்கும் பிறந்த நாள் ஒன்றே. தாய் லோயா சிற்பி. பிற்காலத்தில் நெசவுக் கூடம் நடத்தியவர். அக்காள் பிப்சன் உள்ளலங்காரமும் துணி வடிவமைப்பும் செய்தார். ஹெல்சிங்கிக்கு மேற்கே, காட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் எலியேல் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து கட்டிய விட்ரெஸ்க் என்ற வீட்டில் ஏரோ வளர்ந்தார். தந்தையின் வரைமேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்த பிள்ளை. 12 வயதில், தீக்குச்சிகளைக் கொண்டு படம் அமைக்கும் ஸ்வீடன் நாட்டுப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கினார்.

அந்த 1922-ஆம் ஆண்டுதான் குடும்பத்தின் திசை மாறியது. சிகாகோ நகரின் டிரிப்யூன் பத்திரிகை தன் தலைமையகத்துக்காக நடத்திய உலகப் போட்டியில் எலியேலுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தொகை 20,000 டாலர். முதல் பரிசு பெற்ற கட்டடத்தைவிட எலியேலின் வரைபடமே பின்னால் பலரால் பின்பற்றப்பட்டது. 1923-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. டெட்ராய்ட் அருகே கிரான்புரூக் என்ற இடத்தில் ஜார்ஜ் பூத் என்ற பத்திரிகை அதிபர் கலைப் பள்ளிகளுக்கான வளாகம் ஒன்றைக் கட்ட விரும்பினார். அந்த வேலை எலியேலிடம் வந்தது. பெண்களுக்கான கிங்ஸ்வுட் பள்ளியைக் கட்டும்போது கட்டடம் அப்பாவுடையது, திரைச்சீலையும் விரிப்பும் அம்மாவின் தறியிலிருந்து, உள்ளலங்காரத்தில் அக்காளின் கை, நாற்காலிகள் இருபது வயதுகூட ஆகாத ஏரோவுடையவை. நம் ஊரில் சிற்பிகள் குடும்பமும் தச்சர் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் தொழில் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

எலியேல் மகனுக்குச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. எதை வடிவமைத்தாலும் அதைவிடப் பெரிதாக அதைச் சூழ்ந்திருப்பதை மனதில் வைத்துச் செய்: நாற்காலியை அறையோடு சேர்த்து, அறையை வீட்டோடு, வீட்டைத் தெருவோடு, தெருவை ஊரோடு. ஏரோ இதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு கட்டடமும் ஏன் வேறு வேறாக இருக்கிறது என்ற கேள்விக்கு வரும்போது இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நேரடியாகக் கட்டடக்கலைதான் படித்தாரா?

இல்லை. சிற்பியாக ஆசைப்பட்டு 1929-இல் பாரிஸ் போய் ஓராண்டு சிற்பம் படித்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1934-இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். கிடைத்த உதவித்தொகையில் இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவையும் எகிப்தையும் சுற்றிவிட்டுக் கிரான்புரூக்குக்குத் திரும்பினார். பாரிஸில் போன ஓராண்டு வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. களிமண்ணைக் கையில் எடுத்துப் பழகாத ஒருவரால் டி.டபிள்யூ.ஏ. முனையத்தை யோசித்திருக்கவே முடியாது.

தந்தி மாறிப் போன கதை உண்மையா?

உண்மைதான். செயின்ட் லூயிஸ் நகரில் மேற்குத் திசை நோக்கிய குடியேற்றத்தின் நினைவாகச் சின்னம் ஒன்று எழுப்ப 1947-இல் தேசியப் போட்டி நடந்தது. மொத்தம் 172 வரைபடங்கள் வந்தன. தந்தையும் மகனும் ஒரே அலுவலகத்தில் இருந்துகொண்டே தனித்தனியாகப் போட்டியிட்டார்கள். முதல் சுற்றில் தேர்வான ஐவரின் பட்டியல் வெளியானபோது, எலியேல் தேர்வாகியிருக்கிறார் என்று தந்தி வந்தது. வீட்டில் ஷாம்பெயின் புட்டி திறந்தார்கள். தேர்வானவர் எலியேல் இல்லை, ஏரோ என்ற திருத்தம் பிறகு வந்தது. எலியேல் இரண்டாவது புட்டியைத் திறந்து மகனுக்காகக் கோப்பையை உயர்த்தினார்.

1948 பிப்ரவரியில் நடுவர்கள் ஒருமனதாக ஏரோவின் வளைவைத் தேர்ந்தெடுத்தார்கள். 37 வயதுவரை 'எலியேலின் மகன்' என்று அறியப்பட்டவர் அன்று முதல் தன் பெயரில் நடந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1950 ஜூலையில் எலியேல் காலமானார்.

அந்த வளைவு எப்படி விழாமல் நிற்கிறது?

வகுப்பில் இதற்கு ஒரு கழுத்துச் சங்கிலி கொண்டு போவேன். இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாக ஒரு வளைவுக்கு வந்து நிற்கும். சங்கிலியின் ஒரு கண்ணி பக்கத்துக் கண்ணியை இழுக்கத்தான் முடியும். தள்ள முடியாது, விறைத்து நிற்கவும் முடியாது. ஆகவே தன் எடை முழுவதும் இழுவிசையாகவே ஓடும் வடிவத்தைத்தான் அது எடுக்கும். அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கல்லாலோ எஃகாலோ செய்தால், இழுவிசை இருந்த இடமெல்லாம் அழுத்துவிசையாக மாறிவிடும். எடை வளைவின் வழியே வழுக்கிக்கொண்டு நேரே அடித்தளத்துக்குப் போகும். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன உண்மை இது.

சாரினென் இதில் ஒரு நுட்பம் சேர்த்தார். அவர் வளைவு அடியில் தடித்தும் உச்சியில் மெலிந்தும் இருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் சமபக்க முக்கோணம். பக்கம் தரையில் 54 அடி, உச்சியில் 17 அடி. ஒரே சீரான சங்கிலி இதற்குப் பொருந்தாது. முனைகளில் கனமான கண்ணியும் நடுவில் லேசான கண்ணியும் கோத்த சங்கிலி எப்படித் தொங்குமோ அந்தக் கோடுதான் வேண்டும். அதைக் கணக்கிட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பொறியாளர் ஹான்ஸ்கார்ல் பாண்டெல். வெளியே துருப்பிடிக்காத எஃகு, உள்ளே சாதாரண எஃகு, இரண்டுக்கும் நடுவே 300 அடி உயரம் வரை கான்கிரீட். உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டகம் கிடையாது. தோலே எலும்பின் வேலையையும் செய்கிறது. உயரம் 630 அடி, கால்களுக்கு இடையே அகலமும் 630 அடி. நேரில் நின்று பார்ப்பவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. அகலத்தைவிட உயரம் அதிகம் என்றுதான் கண் சாதிக்கும்.

ரயில் பாதையை இடம் மாற்றும் சிக்கல், நிதித் தட்டுப்பாடு, கொரியப் போர் என்று வேலை தள்ளிக்கொண்டே போனது. 1963 பிப்ரவரியில்தான் எஃகுத் துண்டுகளை ஏற்றத் தொடங்கினார்கள். சாரினென் இறந்து அப்போது ஒன்றரை ஆண்டு.

கடைசித் துண்டைப் பொருத்திய நாள் பற்றிச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மகிழ்ச்சி. 1965 அக்டோபர் 28. இரண்டு கால்களும் இரு பக்கமிருந்தும் வளைந்து வந்து, உச்சியில் சிறு இடைவெளி மட்டும் மிச்சம். அதில் 8 அடித் துண்டு ஒன்றைச் செருக வேண்டும். காலை வெயில் ஏறினால் தெற்குக் கால் சூடாகி விரியும், வளைவின் கோடு விலகும். அதனால் தீயணைப்பு வீரர்கள் நெடுநீளக் குழாய்களை மேலே கொண்டுபோய்த் தெற்குக் காலின் மீது தண்ணீரைப் பீய்ச்சிக் குளிர வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஜாக்கிகளைக் கொண்டு இரு கால்களையும் சற்று விலக்கித் துண்டை உள்ளே இறக்கினார்கள். பொருந்திவிட்டது. இந்த வேலையில் 13 பேர் இறக்கக்கூடும் என்று காப்பீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

மேலே போகிறவர்களுக்கான வண்டியும் ஒரு விந்தை. வளைந்த காலுக்குள் சாதாரண லிஃப்ட் ஓடாது. டிக் பவுசர் என்பவர் இரண்டு வாரத்தில் விடை சொன்னார்: ராட்டினத்தின் தொட்டிகளைப் போல, ஏற ஏறத் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் எட்டுக் கூடுகள்; கூட்டுக்கு ஐந்து இருக்கைகள். குனிந்துதான் நுழைய வேண்டும். நான் போனபோது எதிரில் இருந்தவரின் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை 'கடக்' என்று கூடு நிமிரும். நான்கு நிமிடத்தில் உச்சி.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? யாராவது பாதிக்கப்பட்டார்களா?

ஆற்றங்கரையில் பழைய கிடங்குகளும் வணிகக் கட்டடங்களும் நிறைந்த சுமார் 40 தெருக்கட்டங்கள் இருந்தன. வார்ப்பிரும்பு முகப்புகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. போட்டி அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1939-க்கும் 1942-க்கும் இடையில் அவற்றை இடித்துவிட்டார்கள். பல ஆண்டுகள் அந்த வெளி வாகனம் நிறுத்தும் இடமாகக் கிடந்தது.

கட்டுமானத்தில் திறன் சார்ந்த வேலைகளில் கறுப்பின மக்களைச் சேர்க்கவில்லை என்ற குற்றச்சாட்டும் இருந்தது. 1964 ஜூலை 14 அன்று பெர்சி கிரீன், ரிச்சர்ட் டேலி என்ற இருவர் பாதி எழுந்த வடக்குக் காலில் ஏறி, 125 அடி உயரத்தில் மணிக்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். இதைத் தொடர்ந்து 1966-இல் அமெரிக்க அரசு கட்டுமானத் தொழிற்சங்கங்கள் மீது வழக்குத் தொடுத்தது. வளைவின் அழகைப் பற்றிப் பேசும் எந்த வகுப்பிலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்த எஃகில் அந்த இரண்டு பேரின் கைத்தடமும் இருக்கிறது.

கார் தொழிற்சாலை ஒன்றையும் கட்டினாராமே?

தொழிற்சாலை இல்லை, ஆராய்ச்சி வளாகம். டெட்ராய்ட் அருகே வாரன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காகக் கட்டியது, 1956-இல் திறக்கப்பட்டது. சுமார் 10 கோடி டாலர் செலவு. நடுவில் 22 ஏக்கர் ஏரி, அதைச் சுற்றித் தாழ்வான நீளக் கட்டடங்கள், ஒரு உலோகக் குவிமாடம், பளபளக்கும் தண்ணீர்த் தொட்டி.

இங்கே நான் மாணவர்களைப் பார்க்கச் சொல்வது ஜன்னலின் ஓரத்தை. கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்த அதுவரை பூச்சுப் பசையைத்தான் நம்பினார்கள். அது காய்ந்து வெடிக்கும், மழைத் தண்ணீர் இறங்கும். கார் செய்கிறவர்கள் முன்கண்ணாடியை ரப்பர் பட்டையால் இறுக்குகிறார்களே, அதையே கட்டடத்துக்கும் செய்தால் என்ன என்று சாரினெனின் குழு யோசித்தது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் பட்டை செய்து கண்ணாடியையும் உலோகப் பலகைகளையும் பொருத்தினார்கள். உலகெங்கும் கண்ணாடிக் கட்டடங்களில் இன்று பயன்படும் ரப்பர் பட்டைகள் இந்த வழியில் வந்தவை. கட்டடங்களின் பக்கச் சுவர்களுக்குக் குங்குமச் சிவப்பு, நீலம், ஆரஞ்சு, மஞ்சள் என்று மெருகேற்றிய செங்கற்கள். அந்த மெருகுக்குக் கிரான்புரூக்கின் மட்பாண்டக் கலைஞர் மாயா கிரோட்டல் உதவினார்.

நாற்காலிகளின் கதை என்ன?

கிரான்புரூக்கில் இருந்தபோது சார்ல்ஸ் ஈம்ஸ் அவருடைய உற்ற நண்பரானார். 1940-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய அறைகலன் போட்டியில் இருவரும் சேர்ந்து, உடம்பின் வளைவுக்கேற்ப அச்சில் அழுத்திய ஒட்டுப்பலகை நாற்காலிகளை அனுப்பி முதல் பரிசு பெற்றார்கள். அவற்றைப் பெருமளவில் செய்ய அன்றைய தொழில்நுட்பத்தால் முடியவில்லை.

கிரான்புரூக்கில் சாரினென் குடும்பத்தோடு ஒட்டி வளர்ந்த புளோரன்ஸ் நோல், பிற்காலத்தில் கணவருடன் அறைகலன் நிறுவனம் நடத்தினார். கால்களை மடக்கிச் சுருண்டு உட்கார, தலையணைகள் நிறைந்த கூடை போன்ற நாற்காலி வேண்டும் என்று ஏரோவிடம் கேட்டார். பிறந்தது 'வூம்' நாற்காலி, 1948. பெயருக்குக் கருப்பை என்று பொருள். கண்ணாடி இழையில் வார்க்க அறைகலன்காரர்கள் யாரும் அறிந்திருக்கவில்லை. நியூஜெர்சியில் படகு கட்டும் ஒருவரைப் பிடித்துத்தான் செய்தார்கள்.

பிறகு 1957-இல் ஒற்றைக் கால் 'டூலிப்' நாற்காலியும் மேசையும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்: மேசைக்கு நான்கு கால், ஆறு நாற்காலிக்கு இருபத்துநான்கு, அதோடு மனிதர்களின் கால்கள். இந்த நெரிசலைத் துடைத்தெறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். முழு நாற்காலியும் ஒரே பொருளில் ஒரே வார்ப்பாக வர வேண்டும் என்பது கனவு. கண்ணாடி இழைக் கால் எடையைத் தாங்காததால் அடியை அலுமினியத்தில் வார்த்து வெள்ளைப் பூச்சு பூசினார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது இரண்டு என்பது அவரைக் கடைசிவரை உறுத்தியது.

விமான நிலையங்களில் அப்படி என்ன புதுமை?

இரண்டும் ஒரே ஆண்டில், 1962-இல் திறக்கப்பட்டவை. ஒன்று மேலிருந்து கவிழ்ந்தது, மற்றது மேலே தொங்குவது.

நியூயார்க்கின் டி.டபிள்யூ.ஏ. முனையத்தின் கூரை நான்கு கான்கிரீட் ஓடுகளால் ஆனது. ஓடுகளுக்கு இடையே வெளிச்சம் இறங்கும் கண்ணாடிப் பட்டைகள். எல்லா எடையும் நான்கு தாங்கு தூண்களில் இறங்குகிறது. உள்ளே ஒரு நேர்கோட்டைத் தேடினால் கிடைப்பது கடினம்: படிக்கட்டு, கைப்பிடி, தகவல் பலகை, இருக்கை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது போல இருக்கும். கணினியில் வரையும் வசதி இல்லாத காலம். காகிதத்தில் வரைந்து இதைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் அலுவலகத்தில் அட்டையில் மாதிரிகள் செய்தார்கள். உள்ளே தலையை நுழைத்து நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குப் பெரியவை. மாதிரி சரியாக வந்த பிறகே அதிலிருந்து வரைபடம் எடுத்தார்கள். கட்டும் இடத்தில் சென்ட்ரிங் போட்டவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே வளைவில் இருந்திருக்காது.

டல்லஸ் நிலையத்துக்கு முன் சாரினென் தன் ஆட்களை ஸ்டாப்வாட்சுடன் பல விமான நிலையங்களுக்கு அனுப்பினார். பயணி எவ்வளவு தூரம் நடக்கிறார், எங்கே காத்திருக்கிறார் என்று அளந்து வந்தார்கள். கட்டடத்தை விமானம் வரை நீட்டுவதற்குப் பதிலாகக் காத்திருக்கும் அறையையே சக்கரத்தில் ஏற்றி விமானத்துக்கு அனுப்பலாம் என்பது அவர் கண்ட விடை. சுமார் 100 பேர் ஏறும் நடமாடும் கூடங்கள் அப்படி வந்தன. பெரிய ஜெட் விமானங்களும் கூட்டமும் பெருகிய பிறகு அந்த ஏற்பாடு நெருக்கடியானது. கணிப்பு முழுதாகப் பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தக் கூரை! இரண்டு மரங்களுக்கு நடுவே வேட்டியை இழுத்துக் கட்டினால் நடுவில் தாழ்ந்து தொங்குமே, அப்படி. வெளிப்புறம் சாய்ந்த இரு வரிசைக் கான்கிரீட் தூண்கள், முன்வரிசை 65 அடி, பின்வரிசை 40 அடி. அவற்றுக்கு நடுவே எஃகு வடங்கள், வடங்களின் மேல் கான்கிரீட் பலகைகள். தூண்கள் வெளியே சாய்வது அழகுக்காக மட்டும் இல்லை. கூரை உள்ளே இழுக்கிறது, தூண் எதிர்த்து நிற்கிறது. செயின்ட் லூயிஸில் சங்கிலியைத் தலைகீழாக நிறுத்திய அதே மனிதர் இங்கே அதைத் தொங்கியபடியே விட்டிருக்கிறார்.

ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, இது குறை இல்லையா?

அவர் உயிரோடு இருந்தபோதே இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்கல்லி அவரைக் கடுமையாக விமர்சித்தார். ஒரு கட்டடம் கண்ணாடிப் பெட்டி, அடுத்தது பறவை, அடுத்தது கோட்டை. வாடிக்கையாளருக்கு ஏற்ற பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார் என்பது வாதத்தின் சாரம்.

இதை நான் ஏற்கவில்லை. இல்லினாய் மாநிலத்து மொலின் நகரில் உழவுக் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனத்தின் தலைமையகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர், கலப்பை, டிராக்டர் விற்பவர்களுக்குப் பளபளப்பு ஒத்துவராது என்று, துருப்பிடிக்கவிட்டால் அந்தத் துருவே காப்பாக மாறும் கோர்-டென் எஃகைத் தேர்ந்தெடுத்தார். அதுவரை அந்த எஃகைக் கட்டடத்துக்கு யாரும் இப்படி வெளிப்படையாகப் பயன்படுத்தியதில்லை. உழுத மண்ணின் நிறத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. நியூயார்க்கில் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கோ கறுப்புக் கருங்கல்லில் விறைப்பாக நிற்கும் கோபுரம். இரண்டையும் ஒரே முத்திரையில் அடித்திருந்தால் ஒன்றாவது பொய்யாகியிருக்கும். நாற்காலியை அறையோடு சேர்த்துப் பார் என்று தந்தை சொன்னதை அவர் விடாமல் செய்தார்.

அவர் தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் கிரெஸ்கே அரங்கம் (1955) கோளத்தின் எட்டில் ஒரு பங்கு வடிவம். மூன்றே புள்ளிகளில் நிற்கும் மெல்லிய கான்கிரீட் ஓடு. சென்ட்ரிங்கைப் பிரித்ததும் ஓரங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் தொய்ந்தன. ஜன்னல் சட்டங்களையே முட்டாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. பொறியியலும் வடிவமும் அங்கே கைகோக்கவில்லை. லண்டனில் 2018 வரை அமெரிக்கத் தூதரகமாக இருந்த கட்டடமும் (1960) எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. சுற்றியிருக்கும் சதுக்கத்தோடு சேராமலும் விலகாமலும் தயங்கி நிற்கிறது.

சிட்னி ஆபரா அரங்குக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1957-இல் அந்த அரங்கின் வடிவமைப்புப் போட்டிக்கு இருந்த நான்கு நடுவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்களைவிடத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். டென்மார்க்கின் யோர்ன் உட்சன் அனுப்பிய வரைபடத்துக்காக அவர் முன்நின்று வாதாடினார். ஒதுக்கிவைத்த குவியலிலிருந்து அவரே அதை எடுத்தார் என்ற கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. கான்கிரீட் ஓடுகளோடு அந்த மாதங்களில் அவரே மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், உட்சனின் கோட்டோவியத்தில் மற்றவர்கள் காணாததை அவர் கண்டது இயல்புதான்.

குடும்ப வாழ்க்கை எப்படி இருந்தது?

1939-இல் லிலியன் ஸ்வானை மணந்தார். லிலியன் சிற்பி, 1936 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியில் இருந்தவர். தந்தையும் மகனும் வடிவமைப்பில் பங்கேற்ற குரோ ஐலண்டு பள்ளியின் (1940) சுவர்களில் இருக்கும் சுடுமண் விலங்குகள் லிலியன் செய்தவை. குழந்தைகளின் கண் மட்டத்துக்கு ஏற்றவாறு பதித்தவை. இந்தப் பெயரைப் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அது நியாயமில்லை. இரண்டு பிள்ளைகள். ஏரோவுக்கு இரவும் ஞாயிறும் அலுவலகத்திலேயே கழிந்தன.

1953-இல் நியூயார்க் டைம்ஸ் கலை எழுத்தாளர் அலின் லூக்கைம் அவரைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தார். இருவரும் காதல் கொண்டார்கள். முதல் மணம் முறிந்து, 1954-இல் அலினை மணந்தார். பிறந்த மகனுக்கு நண்பர் சார்ல்ஸ் ஈம்ஸின் பெயரால் ஈம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏரோவைப் பற்றி உலகம் அறிந்ததில் அலினின் பங்கு பெரிது. 1956-இல் டைம் இதழின் அட்டையில் ஏரோவின் முகம் வந்தது.

இறந்தது எப்படி? மீதி வேலைகளை யார் முடித்தார்கள்?

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், மூளைக் கட்டிக்கான அறுவை சிகிச்சையின்போது இறந்தார். கனெக்டிகட்டுக்கு அலுவலகத்தை மாற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரம். வளைவு, இரண்டு விமான முனையங்கள், ஜான் டியர், சி.பி.எஸ்., ஹோம்டெலில் பெல் ஆய்வகம், இண்டியானாவின் கொலம்பஸ் நகரில் ஒரு தேவாலயம் எல்லாம் பாதியில் நின்றன. அவர் அலுவலகத்தில் இருந்த கெவின் ரோச், ஜான் டிங்கெலூ ஆகிய இருவரும் அவற்றை முடித்துக் கொடுத்தார்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் 1962-இல், இறந்த பிறகு வந்தது. தந்தைக்கு அதே பதக்கம் 1947-இல் கிடைத்திருந்தது.

அவரிடம் வேலை பார்த்தவர்களில் நமக்குத் தெரிந்தவர்கள் உண்டா?

கோலாலம்பூர் தமிழர்கள் நாள்தோறும் நிமிர்ந்து பார்க்கும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த சீசர் பெல்லி, டி.டபிள்யூ.ஏ. முனையத்தின் வேலையில் இருந்தவர். பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ராபர்ட் வென்டூரியும் சில காலம் அங்கே பணியாற்றினார்.

இன்று அந்தக் கட்டடங்கள் என்ன ஆயின?

டி.டபிள்யூ.ஏ. நிறுவனம் திவாலாகி 2001-இல் முனையம் மூடப்பட்டது. நல்லவேளையாக 1994-லேயே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தார்கள். 2019 முதல் அது ஓட்டலின் முகப்புக் கூடம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். டல்லஸ் முனையத்தை அவர் நீட்டிக்கும்படியே வடிவமைத்திருந்ததால், 1996-இல் அதே தூண்களைத் தொடர்ந்து இரு பக்கமும் நீட்டினார்கள். எங்கே ஒட்டு என்று கண்டுபிடிப்பது சிரமம். பெல் ஆய்வகம் அலுவலகங்களும் கடைகளும் கூடிய பொது இடமாகியிருக்கிறது. கொலம்பஸ் நகரின் மில்லர் வீடு (1957) பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் பார்க்க வாய்த்தால் எதைப் பார்ப்பது?

எம்.ஐ.டி.யின் சிற்றாலயத்தை. வளைவும் முனையமும் படத்தில் ஓரளவு பிடிபடும், இது பிடிபடாது. வெளியிலிருந்து பார்த்தால் 30 அடி உயரச் செங்கல் உருளை, ஜன்னலே கிடையாது. மேடுபள்ளமான கற்களையும் ஒதுக்காமல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் குறுகலான அகழி, அதில் ஆழமில்லாத தண்ணீர். உள்ளே சுவர் அலை அலையாக வளைகிறது. பலிபீடத்துக்கு மேலே ஒரு வட்டத் திறப்பு. அதிலிருந்து சிற்பி ஹாரி பெர்டோயா செய்த சிறு சிறு உலோகத் தகடுகள் கம்பிகளில் தொங்கி, ஒளி தூறலாக இறங்குவது போல மின்னும்.

நான் போனது ஒரு மாலை. முதலில் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சுவரின் அடிப்பகுதியைக் கவனித்தேன். அகழித் தண்ணீரில் பட்ட வெயில், சுவரின் அடியில் விட்ட தாழ்வான வளைவுகள் வழியே உள்ளே எகிறி, செங்கற்களின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே காற்று வீசும்போது நடுக்கம் கூடியது. மேகம் மறைத்ததும் சட்டென்று நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடி தொடங்கியது.